உங்களுக்குத் தெரியுமா? போலீசாரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம்

கொலைக் குற்றம் சாட்டப்பட்டுப் போலீஸ் காவலில் இருக்கும் ஒருவன், “நான் குத்திய ஈட்டியை வைக்கோற்போரில் ஒளித்து வைத்திருக்கிறேன்” என்று சொல்லி, அதைத் தானே எடுத்துக் கொடுத்தாலும், அந்த வாக்கியம் முழுவதும் நீதிமன்றத்தில் சாட்சியமாகிவிடாது. அடியும் அச்சமும் எந்தப் பொய்யையும் ஒப்புக்கொள்ளச் செய்யும் ஆதலால், போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. மனித சுதந்திரத்துக்கு இதனினும் சிறந்த அரண் அபூர்வம். பொருள் அகப்பட்டதோடு நேரே சம்பந்தமுடைய பகுதி மாத்திரம் விலக்கு: ஒளித்த இடத்தைக் காட்டும் சொற்கள் ஏற்கப்படும், ‘நான் குத்திய’ என்பது நீக்கப்படும். சென்னை ராஜதானியின் குண்டூரிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த எல்லை இது. 2023இல் இயற்றப்பட்ட பாரதிய சாட்சிய அதிநியமமும் இவ்விதியைக் கைவிடவில்லை.