மழைக்கும் பனிக்கும் கொட்டாயைப் பூட்டும் முன்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பூட்டிக் கிடக்கிற கொட்டாய்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் ஒருபக்கம். பிள்ளைங்க படிப்பு டவுனில், மனசு மட்டும் கொல்லையில் என்று லீவுக்கு லீவு வந்து போகிற என்னை மாதிரி ஆட்கள் இன்னொரு பக்கம். ஐப்பசியில் பூட்டினால் தை வரைக்கும் எட்டிப் பார்க்க முடியாமல் போகிற வருசமும் உண்டு. அந்த மூணு மாசத்துக்கு வீட்டை எப்படித் தயார் பண்ணுவது என்று புதிதாக நிலம் வாங்கியவர்கள் கேட்கிறார்கள்.

கனடாவில் இருக்கும் நம்ம ஆட்கள் குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டினால், முதலில் குழாயில் ஒரு சொட்டு தண்ணி இல்லாமல் வடித்துவிடுவார்கள். தண்ணி உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும், குழாய் வெடித்துவிடும். நமக்கு அந்தக் கவலை கிடையாது. நம்ம எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழை சுவரில் ஊறும். மார்கழிப் பனி அதைக் காயவிடாது.

ஆள் குடியிருக்கும் வீட்டில் இதைப் பார்த்துக்கொள்வது அடுப்புதான். தினமும் ரெண்டு வேளை விறகு எரிஞ்சா கூரையில் புகை ஏறும், மூங்கிலில் பூச்சி விழாது, சுவர் காயும். பரணில் தொங்குகிற விதைச் சுரைக்குடுவைக்கும் அந்தப் புகைதான் மருந்து. பூட்டிய வீட்டில் அது நின்றுபோகிறது. அதனால் பூச்சிமருந்து வாங்குவதற்கு முன்னாடி சாவி வாங்கிக்கொள்ள ஒரு ஆளைத் தேடுங்கள். எங்களுக்குப் பக்கத்துக் கொட்டாய் பெரியம்மா. வாரத்துக்கு ஒருநாள் கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு ஒரு மணி நேரம் அடுப்பு மூட்டுவார். கூலி என்று கொடுத்தால் வாங்கமாட்டார். வேலியோரத்து அவரையும் புளியும் அந்த வருசம் அவருக்கு. காசு கொடுத்து வைக்கும் காவலைவிட இது நிற்கிறது என்பது என் அனுபவம்.

ஓடு மாற்றுவது, சுவரோரம் மண் அணைத்துத் தண்ணி விலகி ஓட வழி செய்வது எல்லாம் புரட்டாசிக்குள் முடியணும். விறகையும் மரச்சாமானையும் சுவரை ஒட்டி அடுக்காதீங்க. கரையானுக்கு அதுதான் ஏணி. காற்றுப் போகிற துவாரங்களை அடைக்காமல் எலி நுழையாத கம்பிவலை அடித்தால் போதும்.

விதை விசயம் கொஞ்சம் பெரிசு. கேழ்வரகு நன்றாகக் காய்ந்திருந்தால் வருசக்கணக்கில் கெடாது, பூச்சியும் லேசில் அண்டாது. துவரை, அவரை, மொச்சை அப்படி இல்லை. வண்டு கொல்லையில் காயாக இருக்கும்போதே முட்டை வைத்துவிடும், பூட்டின வீட்டில் நிம்மதியாகப் பெருகும். கடித்தால் பல்லில் அழுந்தாமல் ‘டக்’கென்று உடைகிற வரை காயவைத்து, செம்மண் குழம்பு கட்டி மறுபடி காயவைத்து எடுத்து வையுங்கள். நான் ரகத்தை ரெண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஊருக்குள் ஆள் குடியிருக்கும் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். நாட்டு ரகம் ஒருதடவை போனால் கடையில் கிடைக்காது.

கேழ்வரகு அறுக்கிற காலமும் யானை வருகிற காலமும் ஒன்றுதான். கர்நாடகத்து பன்னர்கட்டா காட்டிலிருந்து ஓசூர் வழியாக இந்தப் பக்கம் அது இறங்குவது காலங்காலமாக நடப்பது. கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளில் ஒரு பகுதியை 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். காட்டை ஒட்டிய கொட்டாயில் தானிய மூட்டை, உப்பு, ஜீவாமிர்தத்துக்கு வாங்கிவைத்த வெல்லம், இதில் எதுவும் இருக்கக்கூடாது. வாசனைக்குச் சுவரையே தள்ளிவிடும். ஆள் இல்லையே என்று வேலியில் கரண்ட் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிக் கொடுத்த மின்சாரத்தில் மூன்று பெண் யானைகள் செத்துப் போச்சு. ரெண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றிருந்தன. அந்தக் கம்பியில் மாடு மேய்க்கிற பிள்ளையும் மாட்டலாம். பேட்டரி வேலியும் ஆளில்லாத இடத்தில் பிரயோசனம் இல்லை, புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேகம் இறங்கிவிடும்.

சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைக் கழற்றிக் கழுவிவிட்டு, பக்கக் குழாய்களைச் சுருட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் ஓட்டையை அடைத்து ஃபியூஸைப் பிடுங்கிவிடணும். நீர்மூழ்கி மோட்டாரை மட்டும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்து நிமிசம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறுகிப்போகும். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவணும். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம்ம மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் குடிக்க மழைத்தண்ணி பிடிப்பவர்கள், கூரை கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டு, தொட்டி வாயை வலை கட்டி மூடிவிட்டுப் போகலாம்.

மிச்சமிருக்கும் ஜீவாமிர்தத்தை நிலத்தில் ஊற்றிவிடுங்கள், அது ஒரு வாரச் சரக்கு. பஞ்சகவ்யா ஆறு மாசம் தாங்கும், ஆனால் தினம் கலக்க ஆள் வேணும். கேனில் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். அதையும் பெரியம்மா வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

தை மாசம் திரும்பி வந்ததும் பொழுதிருக்கப் போங்கள். கதவைத் தடியால் தட்டிவிட்டு, நிலைப்படியிலும் விறகுக் குவியலிலும் டார்ச் அடித்துப் பார்த்துட்டு உள்ளே கால் வையுங்கள். எலி இருந்த வீட்டில் கட்டுவிரியனும் இருக்கும். சுருட்டி வைத்த பாய், சாக்கு எதையும் வெறுங்கையால் எடுக்காதீங்க.