உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்குள் ஒளியும் அடையாளம்

ஐரோப்பிய ஓக் மரக் காடுகளில் முளைக்கும் ‘மரணத் தொப்பி’ என்ற நச்சுக் காளானை நறுக்கி எடுத்தால், முக்கிய அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். தண்டின் அடியில் பைபோன்ற வெள்ளை உறை இருக்கும். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

அதுவும் போதாது. நாம் விரும்பிச் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கும் அதுபோன்ற பை உண்டு! ஆஸ்திரேலியா, கலிபோர்னியாவில் குடியேறிய ஆசியர்கள் சிலர் மரணத் தொப்பியை வைக்கோல் காளான் என்று நினைத்து ஏமாந்தார்கள்.

இரண்டையும் பிரித்தறிய, விரிந்த தொப்பியை இரவு முழுக்கத் தாளில் கவிழ்த்து வைத்தால் வித்துத்தூள் படியும். மரணத் தொப்பிக்கு வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. நஞ்சு பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்பது வெறும் கதை. வேகவைத்தாலும் மரணத் தொப்பியின் நஞ்சு போகாது. சாப்பிட்டபின் வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேலாகும். பிறகு ஓரிரு நாள் குணமானதுபோல் தோன்றும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.