பழைய சிடி பிளேயருக்குத் தனி மின்பெட்டி தேவையா?

பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை இயக்கியது. பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கோ வெகுகாலம் கழித்துத்தான் வெளிச்சம் வந்தது. ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும். மற்ற நேரத்தில் வானொலி பாட வேண்டுமானால் கார் பேட்டரிதான் துணை. பேட்டரி இறங்கிவிட்டால் பட்டணத்துக் கடைக்குத் தூக்கிப்போய் சார்ஜ் செய்து வருவார்கள். கருவிக்கு வெளியே தனியாக ஒரு மின்மூலம் என்பது நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல.

தோட்டங்களை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் அலமாரிகளில் இன்றும் சிடிகள் இருக்கின்றன. அப்பா வாங்கிய பாட்டுகளைத் திரும்பக் கேட்க ஆசைப்படும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் பிளேயர் தேடுகிறார்கள். "தனி மின்பெட்டி மாட்டினால் ஒலி இன்னும் தெளியும்" என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையா? எப்படி மாட்டுவது?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். சிடி ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. உள்வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று. வெளிவிளிம்பில் சுமார் 200. மோட்டாரும் லேசர் கண்ணும் ஓயாமல் தங்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப அவை இழுக்கும் மின்சாரமும் ஏறி இறங்கும். எண்களை இசையாக மாற்றும் நுண்பகுதியும் அதே டிரான்ஸ்பார்மரைப் பகிர்ந்துகொண்டால், அந்தச் சலனம் அதையும் தொடலாம். பகிர்வைப் பிரித்து, டிரான்ஸ்பார்மரை வேறு பெட்டிக்கு மாற்றுவதுதான் தனி மின்பெட்டியின் நோக்கம். பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சிடிஎஸ் என்ற பிளேயரே இப்படி இரண்டு பெட்டிகளாகத்தான் வந்தது.

ஆனால் எல்லாப் பிளேயருக்கும் இது பொருந்தாது. பின்புறத்தில் தயாரிப்பாளரே அதற்கான துளை வைத்திருந்தால் மட்டுமே வாங்குங்கள். அதே நிறுவனம் அந்த மாடலுக்கென்று சொன்ன பெட்டியையே வாங்குங்கள். துளை இல்லாத பிளேயரைத் திறந்து கம்பி இழுக்கும் வேலை வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பாட்டு கேட்க ஆசைப்பட்டு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

மாட்டும் முறை எளிது. சுவர் சுவிட்சை அணைத்து, இரண்டு பெட்டிகளின் பிளக்குகளையும் கழற்றுங்கள். சில மாடல்களில் துளையை ஓர் இணைப்பு மூடி அடைத்திருக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் மின்பெட்டி இல்லாமல் பிளேயரை ஓட்ட அது வேண்டும். இரு பெட்டிகளுக்கும் இடையிலான கேபிளை முதலில் செருகி, அதன் பிறகே சுவர் பிளக்கை மாட்டுங்கள். ஆம்பிளிபையரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது அதை முதலில் அணையுங்கள். இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

அடாப்டரில் ஓடும் சிறிய பிளேயர் என்றால் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். டிசியா ஏசியா என்பது பொருந்த வேண்டும். வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் கேடில்லை. பிளஸ், மைனஸ் நடுமுனையிலா வெளிமுனையிலா என்ற படத்தையும் ஒப்பிடுங்கள். இது மாறிப்போனால் ஒரு நொடியில் பிளேயர் போய்விடலாம். சிரிம் முத்திரை இல்லாத மலிவு அடாப்டரைத் தவிர்ப்பது நல்லது. 12 வோல்ட் கார் பேட்டரியை 9 வோல்ட் பிளேயரில் நேராக மாட்டவே கூடாது.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பிளேயர்களில் இன்னோர் ஆபத்து உண்டு. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் சுவரில் 230 வோல்ட். விலை பேசுமுன் பின்புறச் சீட்டைப் படியுங்கள். 100 என்று மட்டும் போட்டிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மாட்டக் கூடாது. அந்த டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் பிளேயரின் உண்மையான விலை தெரியும்.

இடியும் மின்னலும் நமக்குப் பழக்கமானவை. மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு பெட்டிகளின் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியை யார் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் பாட்டு மாறுமா? சிலருக்கு மாற்றம் தெரியும், சிலருக்குத் தெரியாது. பணம் கொடுக்குமுன் கடையில் ஒரே பாட்டை மின்பெட்டியோடும் இல்லாமலும் போடச் சொல்லுங்கள். எது எதுவென்று தெரியாமல் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்தப் பணத்தில் லேசர் கண்ணைச் சுத்தம் செய்து, நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கலாம். வீட்டில் எல்லாருடைய காதுக்கும் அது எட்டும்.