சாரணர் சீருடை: எந்த பேட்ஜ் எந்தப் பக்கம்? இடது பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அடையாறு கதை!

நாளைக்கு கேம்ப். ராத்திரி 9 மணிக்கு பிள்ளை ஒரு கவர் நிறைய பேட்ஜைக் கொண்டுவந்து, ‘அம்மா, இதைத் தைச்சுக் கொடு’ என்கிறது. எதை எங்கே தைப்பது? பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இருக்கும் மாணவர்களின் (ஸ்கவுட்) சட்டைக்கான விளக்கம் இதோ.

முதல்ல ஒரு விஷயம். இடது என்றால் சட்டையைப் போடுகிறவரின் இடது. மேஜையில் விரித்து வைத்தால் அது உங்கள் வலது கைப்பக்கம் வரும். பெரும்பாலும் தப்பு நடப்பதே இங்கேதான். குழப்பமா? பையன்கள் சட்டையில் பட்டன் துளை இருக்கும் பக்கம்தான் இடது.

பாக்கெட்டுகள்

பச்சைத் துணியில் மஞ்சள் சின்னம் இருப்பது உறுப்பினர் பேட்ஜ். இது இடது பாக்கெட்டின் நடுவில். ஊதா நிறத்தில் வெள்ளைச் சின்னமும், சுற்றிலும் முடிச்சுப் போட்ட கயிறும் இருந்தால் அது உலக சாரணர் பேட்ஜ். இது வலது பாக்கெட்டின் நடுவில். பேட்ரல் லீடர் என்றால், உறுப்பினர் பேட்ஜின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை வரும்.

கைகள்

பிரதம் சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் எல்லாம் இடது கையில். ஆனால் மூன்றையும் வரிசையாகத் தைக்கக் கூடாது. அடுத்தது கிடைத்ததும் பழையதைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் புதியது. ராஜ்ய புரஸ்காருக்கும் அதே இடம்தான். சமையல், முதலுதவி மாதிரி தனித் திறமைக்கான பேட்ஜ்கள் வலது கைக்கு. குழுவின் பெயர் எழுதிய வளைந்த பட்டை இரண்டு தோளிலும்.

இந்த உரிமை சும்மா வரவில்லை

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரில் இருப்பவர், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட். அவருக்குப் பின் அந்தச் சபையின் தலைவரானவர் அன்னி பெசன்ட். சாரணர் கதையில் முக்கியமானவர் அவர்தான்.

1909-ல் இந்தியாவுக்கு வந்த சாரணர் இயக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். நம்ம பசங்களுக்கு அனுமதி இல்லை. ‘அப்படியா, நாங்களே ஆரம்பிக்கிறோம்’ என்பதுபோல 1917-ல் பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, இந்தச் சங்கம் அவருடைய இயக்கத்துடன் இணைந்தது. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு திறந்தது.

ஆனாலும் உரசல் தீரவில்லை. 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகக் கிளம்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல்தான் எல்லாம் ஒன்றாகி பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் ஆனது. சாரணியர் சங்கம் அடுத்த வருடம் வந்து சேர்ந்தது. இடது பாக்கெட் பேட்ஜை உற்றுப் பாருங்கள். சாரணரின் லில்லிப் பூ, சாரணியரின் மூன்று இதழ், நடுவில் அசோகச் சக்கரம். ஒரு காலத்தில் உள்ளேயே விடாத இயக்கத்தின் சட்டையில், இதயத்துக்கு மேலே நம்ம சக்கரம்!

தைக்கும்போது

புதுச் சட்டையை ஒரு தடவை துவைத்துவிட்டுத் தைப்பது நல்லது. துணி சுருங்கினால் பேட்ஜ் சுற்றி மடிப்பு விழும். பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிட்டு, குண்டூசி குத்தி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட் துணியோடு மட்டும் ஊசி போகட்டும். உள்சட்டைத் துணியையும் சேர்த்துத் தைத்தால் பாக்கெட்டே மூடிக்கொள்ளும். டெய்லரிடம் கொடுப்பதானால் ‘போடுறவங்களுக்கு இடது’ என்று சொல்லிக் கொடுங்கள். இடது கை பேட்ஜுக்குக் கையால் தையல் போட்டாலே போதும், எப்படியும் அடுத்த சோபானுக்குப் பிரிக்கணுமே.

மாணவிகளுக்கான கைட்ஸ் சீருடை வேறு. அதற்குப் பள்ளியின் கைட் கேப்டனைக் கேட்டுவிட்டுத் தைக்கவும்.