ஏரியின் ஆழமும் நீரின் அழுத்தமும்

மழைநீரை மண் கரையால் மறித்துத் தேக்கி, வேண்டிய காலத்தில் வேண்டிய அளவுக்கு வயலுக்கு அனுப்பும் அமைப்பே ஏரி. மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல், பூமியின் ஈர்ப்பு விசை ஒன்றையே கொண்டு வேலை செய்வதால் அதை ஓர் இயந்திரம் என்று கருதுவதில் பிழையில்லை. பள்ளிப் பாடநூல்கள் அழுத்தம், விசை, எளிய எந்திரம், ஆவியாதல், படிதல் எனத் தனித்தனித் தலைப்புகளில் கற்பிக்கும் அறிவியல் கருத்துகள் யாவும் அந்த இயந்திரத்தில் ஒருங்கே செயல்படுகின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு வடக்கே அமைந்த வெள்ளானூரைச் சுற்றியுள்ள பகுதி ஏரிகள் மலிந்தது. கிழக்கே புழல் ஏரியும், வடகிழக்கே சோழவரம் ஏரியும், தெற்கே ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியும், அதற்கும் தெற்கே பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரியும் உள்ளன. இவ்வளவு ஏரிகள் ஓரிடத்தில் அமைந்ததற்கு நிலமும் மழையுமே காரணம். இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது; நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. அச்சரிவின் குறுக்கே நீளமான கரை ஒன்றை எழுப்பினால் மேற்புறத்தில் நீர் தேங்கும். ஓர் ஏரியின் மிகுதி நீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும்படி கால்வாய் வெட்டினால் ஏரிகள் ஒரு தொடராகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் ஏரி ஆகியவை இவ்வாறு இணைந்தவையே.

ஓர் ஏரிக்கு முதன்மையான உறுப்புகள் நான்கு. நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால், தடுத்து நிறுத்துவது கரை, பாசனத்துக்குத் திறந்துவிடுவது மதகு, கொள்ளளவுக்கு மேற்பட்ட நீரை வெளியேற்றுவது கலங்கல். மதகுவழி நீர் பாயும் வயற்பரப்பு ஆயக்கட்டு எனப்படும். இவற்றுள் கரை, மதகு, கலங்கல் ஆகிய மூன்றின் வடிவத்தையும் தீர்மானிப்பது நீரின் அழுத்தமே.

ஆழமும் அழுத்தமும்

ஒரு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசையை அப்பரப்பின் அளவால் வகுத்துக் கிடைப்பது அழுத்தம். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம், அதாவது ஒரு டன். எனவே நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு டன் நீரின் எடையைத் தாங்குகிறது. 2 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு டன்னாகிறது. புழல் ஏரியின் முழு நீர்மட்டம் 21.20 அடி, ஏறத்தாழ 6.5 மீட்டர் என்பதால், ஏரி நிரம்பியிருக்கும்போது அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் சுமார் ஆறரை டன் நீர் அழுத்துகிறது. திண்பொருளின் எடை கீழ்நோக்கி மட்டுமே தாங்குதளத்தின் மீது விழ, நீர்மத்தின் அழுத்தமோ எல்லாத் திசைகளிலும் செயல்படுவதால், அதே ஆழத்தில் கரையின் பக்கவாட்டிலும் அதே அழுத்தம் விழுகிறது.

பரந்து விரிந்த ஏரி கரையை அதிகமாகவும், குறுகிய ஏரி குறைவாகவும் தள்ளும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். உண்மையில், கரைக்குப் பின்னால் நீர் ஒரு கிலோமீட்டர் தூரம் பரவியிருந்தாலும் பத்து மீட்டர் தூரமே பரவியிருந்தாலும், ஆழம் ஒன்றாக இருக்கும்வரை அசையா நீரின் தள்ளுதலும் ஒன்றே. இதனை ஃபிளாண்டர்ஸ் நாட்டு அறிஞரான சைமன் ஸ்டெவின் 1586-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பரப்பு விரிவதால் கரைக்குக் கூடும் தொல்லை வேறு வகைப்பட்டது: காற்று தடையின்றி நெடுந்தூரம் வீசுவதால் அலைகள் பெரிதாகி மண்ணை அரிக்கின்றன. கரையின் உட்சரிவில் பாறைக்கற்களைப் பதிப்பது அந்த அரிப்பைத் தடுப்பதற்காகவே.

கரை தாங்கவேண்டிய மொத்த விசை, ஆழம் கூடும் வேகத்தைவிட விரைவாகக் கூடுகிறது. 3 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் மேற்புறத்தில் சுழியாகவும் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன்னாகவும் உள்ள அழுத்தத்தின் சராசரி ஒன்றரை டன். அதை உயரத்தால் பெருக்கினால் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் நாலரை டன் எடைக்குச் சமமான தள்ளுதலைத் தாங்குகிறது எனத் தெரியும். ஆழம் 6 மீட்டரானால் சராசரி மூன்று டன்னாகவும் உயரம் ஆறு மீட்டராகவும் ஆகி, தள்ளுதல் பதினெட்டு டன்னாக உயரும். ஆழம் இரு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்காகிறது. ஏரிக்கரை உச்சியில் ஒடுங்கியும் அடியில் மிக அகன்றும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அடி அகன்றிருப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. மண்கரைக்குள் நீர் எப்போதும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டேயிருக்கும். கசிவு கடக்கவேண்டிய தூரம் நீளும்போது அதன் வேகம் தணிகிறது. கரையின் வெளிப்புறத்தில் தெளிந்த நீர் மெல்லக் கசிவதைக் காட்டிலும், சேறு கலந்த நீர் ஊற்றெடுப்பதே பேராபத்தின் அறிகுறி. கரைக்குள்ளிருக்கும் மண்ணை நீர் அரித்து வெளியே எடுத்துவருகிறது என்பதும், எலி வளையோ நண்டு வளையோ குழாய்போல் விரிந்து விரைவில் உடைப்பாக மாறக்கூடும் என்பதும் அதன் பொருள்.

மதகைத் திறப்பதற்கான வலிமை

நீர் தானாகவே வயலுக்கு ஓட வேண்டுமாயின், அது வெளியேறும் துளை ஏரியின் அடிப்பகுதியில் இருந்தாக வேண்டும். அங்கேதான் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதால், துளையைத் திறந்து மூடுவது எளிதன்று. பழைய மதகுகளில் ஏரிக்குள் இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றின் குறுக்கே துளையிட்ட கற்பலகைகளைப் பொருத்தி, அத்துளைகளின் வழியே ஒரு தண்டை இறக்கி, அதன் முனையிலுள்ள அடைப்பால் அடியிலுள்ள துளையை மூடினர். தண்டை மேலே தூக்கினால் நீர் கரைக்கு அடியில் செல்லும் சுரங்கக் கால்வாயில் புகுந்து மறுபுறம் வெளிவரும். கல்வெட்டுகள் இத்தகைய அமைப்பைத் தூம்பு என்றும் குமிழி என்றும் குறிக்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்ற குழு தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன.

அடைப்பைத் தூக்கத் தேவையான விசையை எளிதில் கணக்கிடலாம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளையின் பரப்பு 0.0177 சதுர மீட்டர். 4 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு நான்கு டன் அழுத்தம் இருப்பதால், மூடியின் மீது ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். வலுவான ஒருவர் நெம்பித் தூக்கிவிடலாம். விட்டத்தை 30 சென்டிமீட்டராக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, விசை 280 கிலோவைத் தாண்டிவிடும். பழைய மதகுகளில் ஒரு பெரிய துளைக்கு மாறாகச் சிறிய துளைகளையே வைத்ததன் பொருத்தம் இக்கணக்கால் விளங்கும். இக்கால மதகுகளில் இரும்புப் பலகையாலான ஷட்டரை மரை வெட்டிய தண்டு ஒன்று தூக்குகிறது. திருகு ஓர் எளிய எந்திரம். சக்கரத்தைப் பல முறை சுற்றினாலும் ஷட்டர் சில சென்டிமீட்டரே உயரும். கை நகரும் தூரத்தை நீட்டித்து, தேவைப்படும் விசையைக் குறைத்துக்கொள்வதே அதன் தத்துவம். மொத்த வேலையின் அளவு இதனால் குறைவதில்லை.

திறந்த துளையிலிருந்து நீர் பாயும் வேகத்தை இத்தாலிய அறிஞர் எவாஞ்சலிஸ்ட்டா டொரிசெல்லி 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி தருகிறது. துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் அடையும் வேகமே நீரின் வேகம், உராய்வைக் கணக்கில் கொள்ளாதவரை. அதன்படி 1.25 மீட்டர் ஆழத்தில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். 5 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும். ஏரி வற்ற வற்ற அதே மதகு அதே அளவு திறந்திருந்தும் வாய்க்காலில் நீர் குறைவதும், நிரம்பிய ஏரியில் திறந்த மதகின் அருகே நீந்துவோர் உள்ளிழுக்கப்பட்டு உயிரிழக்க நேர்வதும் இதனால்தான்.

1872-இல் புழல் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுவரப்பட்டு சென்னைக்கு வழங்கப்பட்டபோது, அதை நகர்த்தியதும் இந்த ஈர்ப்பு விசையே. புழல் நகரைவிட உயரத்தில் இருந்ததால் வழியில் நீரேற்றும் கருவி தேவைப்படவில்லை.

கலங்கலும் கனஅடியும்

மதகைத் திறக்க ஆள் வேண்டும், கலங்கலுக்கு வேண்டியதில்லை. கரையின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாகக் கட்டப்பட்ட உறுதியான இச்சுவரின் மீது, நீர்மட்டம் எல்லையைத் தொட்டதும் நீர் தானே வழிந்தோடத் தொடங்கும். வழியும் நீரின் உயரம் இரு மடங்கானால் வெளியேறும் அளவு ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. வழியும் நீரின் உயரம் கூடக் கூட வெளியேற்றம் அதைவிட விரைவாகக் கூடி, மண்கரையின் மீது நீர் ஏறாமல் காக்கிறது.

பெரிய ஏரிகளில் இப்பணியை ஷட்டர்கள் செய்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடியாயினும், 2020 நவம்பரில் நிவர் புயல் நெருங்கியபோது 22 அடியை எட்டிய நிலையிலேயே தொடக்கத்தில் நொடிக்கு 1,000 கனஅடி வீதம் நீர் திறக்கப்பட்டது. ஏரியின் வடிவம் தட்டைப் போல மேலே அகன்றது என்பதால், மேல் இரண்டடியில் அடங்கும் நீர் அடியிலுள்ள இரண்டடியில் அடங்கும் நீரைவிட மிக அதிகம். அவ்விடத்தைக் காலியாக வைத்திருந்தால் திடீர் வெள்ளத்துக்கு இடம் கிடைக்கும். ஒரு கனஅடி நீர் 28.3 லிட்டர் ஆகையால், 1,000 கனஅடி என்பது நொடிக்கு 28,300 லிட்டர். ஏரியின் கொள்ளளவைக் குறிக்கும் டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. புழல் ஏரியின் கொள்ளளவான 3.3 டி.எம்.சி. ஏறத்தாழ 9,300 கோடி லிட்டராகும்.

ஆவியும் வண்டலும்

நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் வெப்பத்தால் ஆற்றல் பெற்றுக் காற்றில் கலப்பது ஆவியாதல். அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது போல, ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், 50 லட்சம் லிட்டர் குறைந்துவிடும். இதைத் தடுப்பதற்காக 2017-இல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பிப் பார்த்தபோது, எடை மிகக் குறைந்த அவ்வட்டைகளைக் காற்று கரைக்கு ஒதுக்கிவிட்டது. விரிந்த நீர்ப்பரப்பை மூடுவது கடினம் என்பதால், பரப்பைக் கூட்டாமல் ஆழத்தைக் காப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

அந்த ஆழத்தைக் குறைப்பது வண்டல். ஓடும் நீர் தன் வேகத்தால் மண்ணைச் சுமந்து வருகிறது. ஏரிக்குள் வேகம் தணிந்ததும் கனமான மணல் வரத்துக்காலின் வாயிலருகேயும், நுண்ணிய களிமண் அதைத் தாண்டித் தொலைவிலும் படிகின்றன. 3 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் நூறு நாட்களில் அரை மீட்டர் நீர் ஆவியானால் இழப்பு ஆறில் ஒரு பங்கு. வண்டல் படிந்து ஆழம் 2 மீட்டராகச் சுருங்கினால், அதே வெயிலில் அதே இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது. கூடவே மதகில் நீரின் வேகமும் தணிகிறது.

தூர்வாருதலின் தேவை இதிலிருந்து புலப்படும். அதன் எல்லையும் புலப்படும். மதகின் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் நீர் தானே வயலுக்கு ஏறாது, மோட்டார் வைத்தே இறைக்க வேண்டும். ஏரிப்படுகையின் களிமண் அடுக்கை வெட்டி எடுத்துவிட்டால் தேங்கிய நீர் நிலத்துக்குள் விரைந்து இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டினால் அதன் அடித்தாங்கல் வலுவிழக்கும். எனவே தூர்வாருவதற்கு முன் மதகின் அடிமட்டத்தையும், வண்டலுக்குக் கீழுள்ள பழைய படுகையின் மட்டத்தையும், கரையிலிருந்து விடவேண்டிய தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்வது முதல் வேலையாகிறது.