ஊர் வானொலியின் காலை நேரம் யார் கையில்?

அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதியில் வானொலிப் பெட்டியும் ஒரு பண்ணைக் கருவிதான். டிராக்டரில் ஒன்று இருக்கும், மாட்டுக் கொட்டகையில் ஒன்று இருக்கும். பால் கறக்கும் நேரத்தில் அது சொல்லும் வானிலையையும் விலையையும் கேட்டுவிட்டே அன்றைய வேலையை முடிவு செய்வது அங்குள்ள விவசாயிகளின் வழக்கம். இந்தக் காலை நேரம் 1980-களிலிருந்து சிறிது சிறிதாக ஊர்க்காரர் கையை விட்டுப் போனது. பல ஊர்களில் இன்று காலையில் கேட்கும் குரல், ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு நகரத்திலிருந்து வருகிறது. இது எப்படி நடந்தது, விவசாயிக்கு இதனால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

விவசாயத்துக்கும் வானொலிக்கும் அங்கே உறவு பழையது. பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் 1921-லேயே விளைபொருள் விலை நிலவரத்தை ஒலிபரப்பியது. 1928-ல் என்.பி.சி. நிறுவனம் நாடு முழுவதற்குமாக ஒரு விவசாய நிகழ்ச்சியைத் தொடங்கி, 1958 வரை நடத்தியது. நாடு தழுவிய நிகழ்ச்சி என்பது ஆகவே புதிதல்ல. ஆனால் அது பகல் நேரத்து நிகழ்ச்சி. காலை நேரத்தை அந்தந்த ஊர் நிலையமே வைத்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறையா, எந்தச் சாலையில் பனி மூடியிருக்கிறது, நேற்றிரவு எவ்வளவு மழை என்பதை ஊரில் இருப்பவர்தானே சொல்ல முடியும்?

விளம்பரக் கணக்கு

வானொலி நிலையத்துக்குப் பணம் வரும் நேரமும் காலைதான். காரில் வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் கேட்கிறார்கள். அதனால் நல்ல பேச்சாளருக்கு நிலையங்கள் கூடுதல் சம்பளம் கொடுத்தன. பெரிய நகரத்துக்கு இது கட்டும். 20,000 பேர் உள்ள ஊரின் நிலையத்துக்குக் கட்டாது.

இந்த இடத்தில்தான் 'சிண்டிகேஷன்' என்ற ஏற்பாடு நுழைகிறது. ஒரு நிலையத்தில் தயாராகும் நிகழ்ச்சியைப் பல ஊர் நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் வழங்குவதற்கு இப்படிப் பெயர். முன்பு தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்ப வேண்டியிருந்ததால் செலவு அதிகம். செயற்கைக்கோள் வந்ததும் செலவு இறங்கிவிட்டது. இதில் பெரும்பாலும் ரொக்கம் கைமாறுவதில்லை. நிகழ்ச்சியைப் பெறும் நிலையம் மணிக்குச் சில நிமிடம் விளம்பர நேரத்தை நிகழ்ச்சிக்காரருக்கு விட்டுக்கொடுக்கும். மீதி நிமிடங்களைத் தன் ஊர்க் கடைக்காரருக்கு விற்றுக்கொள்ளும். ஏறக்குறைய வாரச் சாகுபடி மாதிரிதான். நிலம் ஒருவருடையது, பயிர் வேறொருவருடையது, பங்கு இருவருக்கும்.

நியூயார்க்கில் காலை நிகழ்ச்சி நடத்திய ஹோவர்ட் ஸ்டெர்ன் 1986-ல் பிலடெல்பியாவிலும் ஒரே நேரத்தில் கேட்கத் தொடங்கினார். வெளியூர்க்காரர் பேச்சை யார் கேட்பார்கள் என்ற சந்தேகம் அத்தோடு போயிற்று. அந்த ஊரிலும் அவர் முதலிடத்துக்கு வந்தார். டான் ஐமஸ் 1993-லும், இண்டியானாபொலிஸ் நகரின் பாப், டாம் ஜோடி 1995-லும் அதே வழியில் நாடு முழுவதும் பரவினர். டாம் ஜாய்னர் கதை இன்னும் சுவையானது. காலையில் டல்லஸ் நகரிலும் மாலையில் சிகாகோவிலும் நிகழ்ச்சி நடத்துவதற்காக இவர் பல ஆண்டுகள் தினமும் விமானத்தில் போய் வந்தார். 1994-ல் அவர் நிகழ்ச்சி நாடு முழுவதற்குமானது. விமானப் பயணம் நின்றது. பல நகரங்களில் சிதறி வாழும் கறுப்பின மக்களுக்குப் பொதுவான ஒரு காலைக் குரல் கிடைத்தது. அவர்களுடைய கல்லூரிகளுக்கு அவர் நிதி திரட்டவும் அந்தக் குரல் உதவியது. எந்த ஓர் ஊர் நிலையமும் தனியாகச் செய்திருக்க முடியாத காரியம் இது. ஆகவே இந்த ஏற்பாட்டை முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது.

விலை எந்த ஊர் விலை?

விவசாயியின் கணக்கு வேறு. சிகாகோ சந்தையில் மக்காச்சோளத்துக்கு இன்று என்ன விலை என்பதை எந்த ஊரிலிருந்தும் சொல்லலாம். ஆனால் விவசாயி சிகாகோவில் விற்பதில்லை. தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள எலிவேட்டர் என்னும் உயரமான தானியக் கிடங்கில் விற்கிறார். அங்கே கொடுக்கும் விலை சிகாகோ விலையிலிருந்து வேறுபடும். ரயில் கூலி, கிடங்கில் இடம் இருக்கிறதா இல்லையா, பக்கத்தில் எத்தனால் ஆலையோ தீவன ஆலையோ இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கும். அறுவடைக் காலத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது வித்தியாசம் கூடும், கோடையில் குறையும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ. சிகாகோவில் புஷல் 4 டாலர் என்றால், ஓர் எலிவேட்டரில் 3 டாலர் 60 சென்டும், 30 மைல் தள்ளியுள்ள வேறொன்றில் 3 டாலர் 70 சென்டும் இருக்கலாம். 100 ஏக்கரில் ஏக்கருக்கு 180 புஷல் எடுத்தவருக்கு இந்தப் 10 சென்ட் வித்தியாசம் 1,800 டாலர். வண்டிக் கூலி போக மிச்சம் எவ்வளவு என்பதை அவர் கணக்குப் பார்த்துக்கொள்வார். ஆனால் இரண்டு விலையும் காதில் விழுந்தால்தானே கணக்குப் பார்க்க முடியும்? நாடு முழுவதற்குமான நிகழ்ச்சியில் இதற்கு இடம் கிடையாது.

வைக்கோலுக்காகப் புல் வெட்டுகிறவர் நிலையும் இதுதான். வெட்டிய புல் காய இரண்டு மூன்று நாள் வெயில் தொடர்ந்து வேண்டும். "நாட்டின் நடுப்பகுதியில் ஆங்காங்கே மழை" என்று கேட்டுவிட்டு அரிவாள் இயந்திரத்தை இறக்க முடியாது.

பொது நிகழ்ச்சிக்காரர்களுக்கும் இந்தக் குறை தெரியும். அதனால் மணிக்குச் சில இடைவெளி விடுகிறார்கள். ஊர் நிலையம் அதில் உள்ளூர் வானிலையையும் விளம்பரத்தையும் நுழைத்துக்கொள்ளலாம். இடைவெளியை நிரப்ப ஊரில் ஆள் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. ஆள் செலவை மிச்சப்படுத்தத்தான் நிகழ்ச்சியையே வெளியிலிருந்து வாங்கினார்கள் என்னும்போது, இடைவெளியில் விளம்பரம் தவறாமல் வரும். வானிலை வந்தால் உண்டு. வேறொரு வழியும் உண்டு. எங்கோ இருக்கும் அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களையும் தெருப் பெயர்களையும் தாளில் பார்த்துப் படித்துப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். கேட்பவருக்கு ஊர்க்காரர் மாதிரியே இருக்கும். நேற்றிரவு எத்தனை அங்குலம் மழை என்று அவர் வாயிலிருந்து வருகிறதா என்று கவனித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தங்கள் மண்ணை அறிந்த வானொலியின் அருமை தஞ்சை விவசாயிகளுக்குப் புதிதல்ல. 1960-களில் குறுவைக்கு ஏற்ற ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி எடுத்துச் சொன்னபோது, அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. சம்பாவுக்கும் குறுவைக்கும் வித்தியாசம் தெரிந்த நிலையம் என்பதால்தான் அந்தப் பேச்சு வயலுக்குள் இறங்கியது.

மைனாட் நகரின் இரவு

அமெரிக்காவில் 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இந்த மாற்றத்தை வேகப்படுத்தியது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 40 நிலையங்கள் வரைதான் வைத்திருக்கலாம். சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் சில ஆண்டுகளில் சுமார் 1,200 நிலையங்களுக்குச் சொந்தமானது. வடக்கு டகோட்டா மாநிலத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள மைனாட் நகரில் இருந்த ஆறு வர்த்தக நிலையங்களும் அதன் கையில் இருந்தன.

2002 ஜனவரி 18 அதிகாலை 1.37 மணிக்கு அந்நகரின் ஓரத்தில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. உடைந்த ஐந்து டாங்கி வண்டிகளில் இருந்தது நீரற்ற அம்மோனியா. யூரியா தயாரிப்பதே அம்மோனியாவிலிருந்துதான். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்றால் இதில் 82 சதவீதம். அமெரிக்க விவசாயிகள் இதை அழுத்தத்தில் வைத்த டாங்கியிலிருந்து நேரே மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். மண்ணுக்குள் போனால் உரம். காற்றில் கலந்தால் விஷம். ஈரம் எங்கே என்று தேடிப் போகும் பொருள் ஆதலால் கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் அரிக்கும். அன்று ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் வெளியேறியது. கடும் குளிரில் மேகம் மேலே கிளம்பாமல் வீடுகளைச் சூழ்ந்து நின்றது. ஒருவர் இறந்தார்; முந்நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர்.

மக்கள் வானொலியைத் திருப்பினார்கள். எச்சரிக்கை உடனே வரவில்லை. நிலையத்துக்குத் தொலைபேசி செய்தும் யாரும் எடுக்கவில்லை என்றது போலீஸ். ஆள் இருந்தார், ஊர் மக்களின் அழைப்புகளால் இணைப்பு நெரிந்துவிட்டது, போலீசின் எச்சரிக்கைக் கருவிதான் சரியாக அமைக்கப்படவில்லை என்றது நிறுவனம். இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஆறு நிலையங்களுக்கு ஆறு உரிமையாளர் இருந்திருந்தால் கதவைத் தட்ட ஆறு இடங்கள் இருந்திருக்கும். செனட்டர் பைரன் டோர்கன் இந்த நிகழ்ச்சியை அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுப்பினார்.

இதன்பின் விதிகள் இறுகவில்லை, தளர்ந்தன. ஒவ்வொரு நிலையமும் தன் ஊரிலோ அருகிலோ ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை ஒலிபரப்பு ஆணையம் 2017 அக்டோபரில் நீக்கியது. சிறு நிலையங்களுக்கு வாடகையும் சம்பளமும் மிச்சம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒன்றை மட்டும் அந்த உத்தரவு விட்டுவைத்தது: ஊர் மக்கள் கட்டணமின்றி நிலையத்தை அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும்.