பாதியில் நிற்கும் நாவல்கள்

நாவல் எழுத எண்ணாத இளைஞர் நம்மிடையே அரியர். எழுதத் தொடங்கியவர் பலர். எழுதி முடித்தவரோ மிகச் சிலர். அழகிய கையெழுத்தில் முதல் அத்தியாயம், சற்றே அவசரமாக இரண்டாம் அத்தியாயம், மூன்றாவதில் மூன்று பக்கம், அதன்பின் வெற்றுத் தாள்: இத்தகைய கொப்பிகள் எத்தனை வீடுகளின் அலுமாரிகளில் உறங்குகின்றன! திறமைக் குறைவே இதற்குக் காரணம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. தொடக்கத்தில் பொங்கும் ஊக்கம் மாரிக் குளத்து நீர் போன்றது. வைத்திருக்க வைத்திருக்க வற்றும். அது வற்றுமுன் முதற்பிரதியை விரைந்து எழுதி முடிப்பதே கைகண்ட வழி. திருத்துவதற்குப் பின்னர் வேண்டிய காலம் உண்டு.

இதனை வேறெந்த ஊரினும் முள்ளிவாய்க்காலில் இருப்பவருக்கு முதலிற் சொல்ல வேண்டியுள்ளது. முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒருபுறம் நந்திக்கடலும் மறுபுறம் பெருங்கடலுமாக, ஒடுங்கிக் கிடக்கும் அந்நிலத்தில் 2009ஆம் ஆண்டு மே மாதம் போரின் இறுதி நாட்கள் கழிந்தன. பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டனர். அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று இருபத்தைந்தைக் கடந்த பெண். அவளிடம் எழுதப்படாத ஒரு நாவல் இருக்கலாம். அதற்கு வேண்டிய விவரங்களிற் பாதி அவளுடைய பெரியம்மாவின் நினைவிலே இருக்கும். எந்த நாள் எந்தப் பாதையால் வந்தோம், பதுங்குகுழிக்கு எதனை மூடியாக இட்டோம், ஒரு கொத்து அரிசி எவ்விதம் கிடைத்தது என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். பெரியம்மாவுக்கோ வயது ஏறிக்கொண்டிருக்கிறது. பிறகு எழுதலாம் என்று ஒத்திவைப்பது இங்கே பெரும் இழப்பாகவே முடியும்.

வன்னி மண் நாவலுக்குப் புதியதன்று. தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, காட்டோரத்துக் கமக்காரர் வாழ்வை நாடெங்கும் அறியச் செய்தது. போரின் கடைசிக் காலத்தைத் தமிழ்க்கவி ‘ஊழிக்காலம்’ என்னும் நாவலாக எழுதினார். அது 2013இல் வெளிவந்தது. ஆதலால் முன்னோடி இல்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

விரைந்து எழுதிய பேராசிரியர்களிலே தொஸ்தோயெவ்ஸ்கியின் கதை தனிச் சுவையுடையது. கடன் தொல்லையில் மூழ்கிய அவர், பதிப்பாளர் ஒருவருடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். 1866 நவம்பர் முதலாம் திகதிக்குள் புதிய நாவல் ஒன்றைக் கொடுக்கத் தவறினால், அவருடைய நூல்களை ஒன்பது ஆண்டுகளுக்குப் பணம் எதுவும் கொடாமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். ஒக்டோபர் பிறந்தபோது ஒரு பக்கங்கூட ஆகவில்லை. அன்னா என்னும் இருபது வயது யுவதி சுருக்கெழுத்தாளராக வந்தாள். பகலில் அவர் சொல்ல அவள் குறித்துக்கொள்வாள். இரவில் வீட்டிலிருந்து அதனைத் தெளிவாக எழுதி மறுநாள் கொண்டுவருவாள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று அவர் ஆவலுடன் கேட்பாராம். அடுக்கு உயர உயர அவருடைய நம்பிக்கையும் உயர்ந்தது. இருபத்தாறு நாட்களில் ‘சூதாடி’ முடிந்தது. கெடு நாளன்று பதிப்பாளர் ஊரிலே இல்லாதபடியால், கையெழுத்துப் பிரதியைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்க நேர்ந்தது! அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். விரைவு என்றதும் கெடுவை மட்டும் நினைப்போர் அன்னாவை மறந்துவிடுகின்றனர். நாளைக்கும் ஒருவர் வந்து இதன் தொடர்ச்சியைக் கேட்பார் என்ற எண்ணமே அவரை எழுப்பி உட்காரவைத்தது என்பது நம் கருத்து. தமக்கையோ நண்பனோ, இரவில் ஒரு பக்கம் கேட்க ஒருவர் இருந்தாற் போதும். கேட்பவர் குற்றம் சொல்லக் கூடாது, அதுமட்டும் நிபந்தனை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் முற்றிலும் வேறு வகையினர். அவர் தபாற் கந்தோர் உத்தியோகத்தர். காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். தம்மை எழுப்புவதற்கென்றே வேலைக்காரனுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். நாற்பத்தேழு நாவல்கள் இவ்வாறு பிறந்தன. இவருடைய கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகும் செய்தி தமிழில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என ஒரே சொல்லில் அடங்கிவிடும். சொல்லை எண்ணாது பக்கத்தை எண்ணுக. நாளுக்கு ஐந்து பக்கமெனின் முப்பது நாளில் நூற்றைம்பது பக்கம். அது ஒரு சிறு நாவல்.

நம்மவரிலும் உதாரணம் உண்டு. கல்கி தம் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பையும் சுமந்துகொண்டு, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதினார். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கோர் அத்தியாயமாக இருபத்தாறு நாவல்கள் கொண்ட ‘வெண்முரசை’ எழுதி முடித்தார். இவர்களுக்கும் மனச்சோர்வு வராமலா இருந்திருக்கும்? வாசகர் காத்திருந்தனர், எழுதினர். அமெரிக்காவில் 1999இல் இருபத்தொரு பேர் கூடி, ஒரு மாதத்தில் 50,000 சொல் எழுதுவதென்று ஒரு பந்தயம் தொடங்கினர். பின்னர் உலகெங்கும் பரவிய அவ்வியக்கத்தை நடத்திய நிறுவனம், 2025இல் தன் பணியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. பலர் கூடி எழுதினாற் சோர்வு குறையும் என்ற அதன் அனுபவத்தை எந்த ஊர் வாசிகசாலையிலும் சோதித்துப் பார்க்கலாம்.

போரைக் கண்டவருக்கு மிகவும் பயன்படக்கூடியவர் ஜோன் ஸ்ரைன்பெக். கலிபோர்னியத் தோட்டத் தொழிலாளருக்கு இழைக்கப்பட்ட கொடுமை கண்டு கொதித்து, முதலில் ஒரு கிண்டல் நாவல் எழுதினார். 1938 மே மாதம் அதனைத் தாமே அழித்தார். மனிதரை விளங்கிக்கொள்ள உதவாமல் வெறுப்பையே அது வளர்க்கும் என்று அவர் கண்டார். அம்மாத இறுதியில் மீண்டும் தொடங்கி, ஒக்டோபர் இறுதிக்குள் ‘கோபத்தின் கனிகள்’ என்னும் பெருநாவலை முடித்தார். அந்நாட்களில் நாவலுடன் ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். தம் திறமையில் ஐயம், சோம்பல், அயற்சத்தம் பற்றிய எரிச்சல் யாவும் அதிலே உள்ளன. அச்சத்தை நாட்குறிப்பில் இறக்கிவைத்துவிட்டு நாவலுக்குத் திரும்பினார். நம் எழுத்தாளரும் இரண்டு கொப்பி வைத்துக்கொள்ளலாம். கோபம் ஒன்றிலே போகட்டும்; மாந்தர் மற்றதில் நடமாடட்டும்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலே கரைவலை இழுப்போரைப் பாருங்கள். மீன் குறைவாயிருக்குமோ என்று ஐயுற்று, வலை பாதியில் நிற்கையில் எவரும் கயிற்றை விட்டுவிட்டு வீடு செல்வதில்லை. மடி கரையேறிய பின்னரே மீனைத் தரம் பிரிப்பர். முதற்பிரதியை எழுதுவோர் முன்னைய அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்துவது, இழுப்பதை நிறுத்திவிட்டு மீன் எண்ணுவதாகும்.

ஆயினும் விரைவுக்கு ஒரு வரம்பு வேண்டும். சில பக்கங்களை எழுதும்போது கை நடுங்கும், உறக்கம் கெடும். அவ்வேளை தன்னை வருத்திக்கொண்டு எழுத வேண்டும் என்பாரை நாம் ஒப்பவில்லை. அவ்விடத்தில் ‘குழந்தை, கஞ்சி வரிசை, மாலை’ என மூன்று சொல் குறித்து, ஒரு தாளை வெறுமையாக விட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுக. அந்தத் தாளை இரவில் தனிமையில் நிரப்ப வேண்டாம். பகலில், வீட்டில் ஆட்கள் நடமாடும்போது எழுதுக. மனம் தொடர்ந்து கலங்குமாயின் மருத்துவரை நாடுவதில் வெட்கம் எதுவுமில்லை. நாவல் சில வாரம் காத்திருக்கும்.

அன்றாட எழுத்தை முடிக்கையில், மறுநாளின் முதல் வாக்கியம் மனத்தில் இருக்கும்போதே பேனையை வைத்துவிடுவது நல்லது. இன்னுமொன்று. இடப்பெயர்வுகளின்போது வன்னியில் அழிந்துபோன கொப்பிகள் கொஞ்சமல்ல. ஆகவே எழுதிய ஐந்து பக்கங்களையும் அன்றிரவே கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைக்க. பக்க இலக்கமும் திகதியும் படத்தில் விழும்படி பார்த்துக்கொள்க.